செவ்விளக்கு உணர்த்தும் பொருள்

மோட்டார்க் காரின் முன்பலகையிலே பதிக்கப்பட்டிருக்கும் சிறியதொரு செவ்விளக்கினைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுதல் அன்பர் சிலருக்கு வியப்பை விளைத்தல் கூடும். ஆயினும், ஒரு குறியைக் கண்டவிடத்து அது சுட்டும் பொருள் யாதென ஆராய்தலே எமது தொழிலாதலின், இவ்வாராய்ச்சி எமக்கு முற்றும் புறம்பானதன்று. அன்றியும், எம் தந்தையார் யாழ்ப்பாணத்திலே வாடகைக்கு ஓட்டிய ஒஸ்ரின் ஏ40 காரிலும் இவ்விளக்கு இருந்தது. எழுத்தறியுமுன்னரே அதன் குணங்களை யாம் அறிந்திருந்தோம். எம்மிடம் கற்றவருட் சிலர் இப்போது இங்கிலாந்திலே வாழ்கின்றனர். அவர்கள் பழைய ஆங்கில ஸ்போட்ஸ் கார்களை வாங்கி, ஓய்வு நாள்களிலே தம் கையாற் செப்பனிட்டு ஓட்டுவதிற் பேரின்பங் காண்கின்றனர். அன்னார் எழுதும் கடிதங்களில் நலம் வினவுதலை அடுத்து வரும் வினா பெரும்பாலும் இவ்விளக்கைப் பற்றியதாகவே இருக்கின்றது. ஆதலின் அதற்குரிய விடையை ஈண்டு ஒருங்கே எழுதுகின்றோம்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் காரினைக் கொள்வோம். இக்கார் 1962 ஆம் ஆண்டு தொடக்கம் 1980 ஆம் ஆண்டு வரை இங்கிலாந்திலுள்ள அபிங்டன் என்னும் ஊரிலே செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1967 ஆம் ஆண்டு வரை வந்தவற்றிலே மின்னைப் பிறப்பிப்பது லூக்கஸ் கம்பனியாரின் சி40 என்னும் டைனமோ. அதனை ஆள்வது ஆர்.பி.340 என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மெக்கானிக்குகள் அதனைக் கட்டவுட்டு என்பர். ஆசனங்களின் பின்னே, தளத்தின் கீழே, 6 வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைந்து 12 வோல்ற்றுத் தரும். அக்காலத்து ஆங்கிலக் கார்கள் பலவற்றிற்போல இங்கும் பற்றறியின் நேர்முனையே காரின் உடலோடு தொடுக்கப்பட்டுள்ளது. இன்றைய கார்களிற் பழகியவர் இதனை மறந்து வோல்ற்றுமானியின் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மாறித் தொட்டால், மானி கழித்தற் குறியுடன் எண்ணைக் காட்டும்; அதனாற் கலங்க வேண்டியதில்லை.

இனி விளக்கிற்கு வருவோம். எரிபற்று ஆளியைத் திருப்பியவுடன் செவ்விளக்கு ஒளிரும். எஞ்சின் ஓடத் தொடங்கி வேகங் கொள்ள, அணையும். ஓட்டத்தின் நடுவே மீண்டும் ஒளிர்ந்தால், “டைனமோ பழுதாயிற்று” என்று பெரும்பாலோர் முடிவு செய்கின்றனர். விளக்கு அங்ஙனஞ் சொல்லவில்லை. அது சொல்வது வேறு.

அவ்விளக்கின் குமிழுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை எரிபற்று ஆளியிலிருந்து வரும் வெள்ளை வயருடன் சேர்ந்தது. அது பற்றறியின் பக்கம். மறுமுனை பழுப்பில் மஞ்சட் கோடிட்ட வயரினாலே டைனமோவின் ‘டி’ முனையோடு சேர்ந்தது. அது டைனமோவின் பக்கம். ஏனைய விளக்குகளைப்போல இதன் ஒரு முனை காரின் உடலிற் சென்று முடிவதில்லை என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஒரு சிறு குழாயால் இணைத்தோமாயின், மட்டம் வேறுபட்டிருக்கும்வரை குழாயில் நீர் ஓடும். மட்டம் ஒத்ததும் ஓட்டம் நிற்கும். இவ்விளக்கும் அக்குழாய் போன்றதே. எஞ்சின் நின்றிருக்கையில் பற்றறிப் பக்கம் 12 வோல்ற்று, டைனமோப் பக்கம் சுழி. ஆகவே மின் குமிழினூடாகச் சென்று, டைனமோவின் தூரிகைகளையும் ஆமேச்சரையும் கடந்து, காரின் உடலையடைகின்றது. விளக்கு நன்றாக ஒளிர்கின்றது. டைனமோ சுழன்று ஏறத்தாழ 13 வோல்ற்றை எட்டியதும் கட்டுப்பாட்டுப் பெட்டியினுள்ளே இருக்கும் வெட்டுத் தொடுகை மூடி, இரு பக்கங்களையும் ஒன்றாக்குகின்றது. மட்டம் ஒத்தது; விளக்கு அணைந்தது.

எனவே, செவ்விளக்கு ஒளிர்தலின் பொருள் ‘இரு பக்கமும் ஒத்தில’ என்பதே. எப்பக்கம் தாழ்ந்தது, ஏன் தாழ்ந்தது என்பன அதனாற் சொல்லப்படுவன அல்ல. மலையிலே புகை கண்டு நெருப்புண்டு எனத் துணிதல் கருதலளவை என்று நம் அளவை நூலார் கூறுவர். மூடுபனியைப் புகையென மயங்கியவனது துணிவோ போலியாய் முடியும். விளக்கைக் கண்டவுடன் டைனமோவைக் கழற்றுவோர் செய்வது இப்போலிதான். அதனாற் பணம் வீணாவதோடு, உண்மையான குறை உள்ளே வளரவும் இடமுண்டாகின்றது.

முதலாவதாக, விளக்கையே சோதித்தல் வேண்டும். திறப்பைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாது, விளக்கு ஒளிர்கின்றதா எனப் பார்த்தல் நாள்தோறும் செய்யத்தக்க சோதனை. ஒளிராத விளக்கு ஒளிரும் விளக்கினும் கேடுடையது. குமிழ் பழுதான காரிலே டைனமோ நின்றுவிடின், ஓட்டுநருக்கு அறிவிப்பார் ஒருவருமில்லை. பற்றறியிலுள்ளது தீரும்வரை கார் ஓடும். பின்னர், நள்ளிரவிலே நெடுந்தெருவில் தலைவிளக்குகள் மங்கி, எஞ்சினும் நிற்கும். எம்.ஜி.பி. காரின் எரிபொருட் பம்பியும் மின்னாலேயே இயங்குவதாதலின், பற்றறி தளர்ந்தபின் அதனிடம் எவ்வுதவியும் பெறுதல் அரிது.

ஒளிரவில்லையெனின், எஞ்சின் நின்றிருக்க, டைனமோவின் பெரிய முனையிலுள்ள வயரைக் கழற்றுக. முதலில் அவ்வயரின் நுனிக்கும் எஞ்சினுக்கும் இடையே வோல்ற்றுமானியைப் பிடித்து, திறப்பை எடுத்த நிலையிலே சுழி காட்டுகின்றதா எனத் தெளிக. சுழியாயின், திறப்பைத் திருப்பி, வயரின் நுனியை எஞ்சினின் துப்புரவான உலோகத்திலே தொடுவித்துப் பார்க்கலாம். விளக்கு ஒளிர்ந்தாற் குமிழும் வயரும் நலமே, குறை டைனமோவினுள்ளே. பெரும்பாலும் தேய்ந்த தூரிகையோ கரி படிந்த திசைமாற்றியோ காரணமாகும். திசைமாற்றியைப் பெற்றோல் தோய்ந்த துணியாலே துடைத்து, வேண்டுமாயின் மென்மையான கண்ணாடித் தாளினால் தேய்க்கலாம். எமரித் தாளைத் தொடவே கூடாது. தொடுவித்தும் ஒளிரவில்லையெனின், குமிழையும் வயரையும் பார்க்க. குமிழ் 12 வோல்ற்று, 2.2 உவாற்று; மிகமலிந்த பொருள்.

அடுத்து, ஓடும்போது விளக்கு முழு ஒளியோடு எரிதல். ஓட்டத்தின் நடுவே அங்ஙனம் நேரின் காரைத் தெருவோரத்தில் நிறுத்தி, முதற்கண் விசிறிப் பட்டியைப் பார்த்தல் கட்டாயம். எம்.ஜி.பி. காரிலே ஒரே பட்டி டைனமோவையும் தண்ணீர்ப் பம்பியையும் சுழற்றுகின்றது. பட்டி அறுந்திருந்தால் எஞ்சினின் சூட்டைத் தணிப்பாரில்லை. “வீடு கிட்டத்தானே” என்று ஓட்டிச் செல்பவர் எஞ்சினின் தலையையே வளைத்துவிடுவர். பட்டி இருந்து, தளர்ந்திருந்தாலும் இதே குறி தோன்றும். நீண்ட பக்கத்தின் நடுவே விரலால் அழுத்த, அரை அங்குலமளவு தாழ்ந்தாற் சரி.

பட்டி நலமாயின் டைனமோவைச் சோதிக்கும் பழைய முறையொன்றுண்டு; எளியது, தெளிவானது. டைனமோவின் இரு வயர்களையும் கழற்றி, ‘டி’ முனையையும் ‘எவ்’ முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அவ்விணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ற்றுமானியை வைத்து, எஞ்சினை மெல்ல ஓட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்றுக்குக் கொண்டுவருக. மானியின் காட்டுகை தடுமாறாது விரைந்து ஏறுமாயின் டைனமோவிற் குறையில்லை. ஏறுகின்றதே என்று மகிழ்ந்து வேகத்தைக் கூட்டிவிடலாகாது; 20 வோல்ற்றுக்கு மேலே போகவிட்டாற் சுருள்கள் கெடும். ஒன்றுமே காட்டாதாயின் தூரிகைகளைப் பார்க்க. ஒரு வோல்ற்றளவிலே நின்றுவிடின் புலச்சுருளிலும், பற்றறி வோல்ற்றின் பாதியளவிலே நின்றுவிடின் ஆமேச்சரிலும் ஐயங் கொள்க. டைனமோ தேறிவிட்டால், பெட்டிக்குச் செல்லும் வயர்களையும், சிறப்பாகப் பழுப்பிற் பச்சைக் கோடிட்ட புல வயரையும், பெட்டியின் கறுப்புப் புவித்தொடுப்பு வயரையும் ஆராய்தல் வேண்டும். புவித்தொடுப்பின் திருகாணியிலே படிந்த கறள் ஒன்றே பெட்டி முழுவதையும் பயனற்றதாக்கிவிடும். லூக்கஸ் கம்பனியாரை ‘இருளின் இளவரசர்’ என்று ஆங்கிலேயர் எள்ளுவது வழக்கம். ஐம்பது அறுபது ஆண்டு மழையிலும் பனியிலும் கிடந்த திருகாணியின் கறளுக்கு அவர்களைப் பழிப்பது நீதியன்று என்பது எமது கருத்து.

பெட்டியிலுள்ள ‘டி’ முனையிலிருந்து மஞ்சட் கோட்டு வயர்களைக் கழற்றித் தனித்தனியே பிடித்திருக்கவும், திறப்பைத் திருப்பும்போது விளக்கு எரியுமாயின், விளக்கிலிருந்து வரும் அவ்வயரோ குமிழின் தாங்கியோ எங்கேயோ காரின் உடலைத் தொடுகின்றது என்பது தெளிவு. முன்பலகையைக் கழற்றி மாட்டிய கார்களில் இது நிகழக் கண்டிருக்கின்றோம். சில வேளைகளில், ஒரு வயர்த் தாங்கியை இரு வயர்த் தாங்கிக்குப் பதிலாக யாரேனும் இட்டிருப்பர்.

எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மினுங்கி, சற்றே வேகங் கூட்ட அணைதல் குறையன்று. அவ்வேகத்திலே டைனமோ 13 வோல்ற்றை எட்டுவதில்லை. அது டைனமோவின் இயல்பு. இதனைப் போக்க எஞ்சினின் ஓய்வு வேகத்தை உயர்த்துவோர் பெற்றோலையே வீணாக்குகின்றனர்.

இனி, எமக்கு வருங் கடிதங்களிற் பெரும்பாலானவை பேசும் நிலைக்கு வருவோம். பகலிலே விளக்கு அணைந்திருக்கும். இரவிலே தலைவிளக்குகளைப் போட்டவுடன், வேகமாக ஓடும்போதும், அணையுந் தணல்போல மங்கலாகச் சிவக்கும். சென்ற ஆண்டு ஒரு பழைய மாணவர் 1965 ஆம் ஆண்டுக் காரொன்றினைப் பற்றி இங்ஙனமே எழுதினார். கராச் ஒன்றிலே டைனமோவை மாற்றினர், தணல் போகவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றினர். தணல் அப்படியே இருந்தது. காரை விற்றுவிடலாமா என்னும் அளவிற்கு அவர் மனஞ் சோர்ந்திருந்தார்.

இங்கே தாழ்ந்திருப்பது டைனமோப் பக்கமன்று, பற்றறிப் பக்கமே. டைனமோ தருவது பெட்டியைக் கடந்து, பழுப்பு வயரின் வழியே ஆளிகளுக்குச் சென்று, எரிபற்று ஆளியைக் கடந்து, வெள்ளை வயராய் விளக்கின் மறுமுனையை அடைகின்றது. இவ்வழியிலுள்ள ஒவ்வோர் இணைப்பும் நாட்சென்று கறுத்துத் தடையாகின்றது. தடையினூடு செல்லும் மின்னோட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வோல்ற்று அங்கே இழக்கப்படும். பகலிலே ஓட்டம் சிறிது, இழப்புச் சிறிது, விளக்குத் தோன்றாது. தலைவிளக்குகள் எரியும்போது அதே பழுப்பு வயர் அவற்றின் சுமையையும் தாங்குகின்றது. இழப்புப் பெருகி, ஒன்றரை இரண்டு வோல்ற்று வேறுபாட்டிலே குமிழ் சிவக்கின்றது. இருளிற் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிவதும் ஒரு காரணமே.

ஆகவே, டைனமோவைத் தொடாது வழியை அளந்து வருமாறு அவருக்கு எழுதினோம். எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றளவில் ஓட்டி, தலைவிளக்குகளைப் போட்டு, வோல்ற்றுமானியின் ஒரு கம்பியைக் காரின் உடலில் வைத்து, மறுகம்பியால் ஒவ்வோரிடத்தையும் தொட்டு அவர் குறித்தனுப்பிய எண்கள் இவை: பெட்டியின் ‘டி’ முனையில் 14.1, ‘பி’ முனையில் 13.9, எரிபற்று ஆளிக்குள் நுழையும் பழுப்பு வயரில் 13.1, ஆளியிலிருந்து வெளிவரும் வெள்ளை வயரில் 12.4. பெட்டியினுள்ளே இழப்பு 0.2 வோல்ற்றே; புதிய பெட்டி வீண்செலவு. பழுப்பு வயரின் வழியிலே 0.8; ஆளியினுள்ளே 0.7. மொத்தம் 1.7 வோல்ற்று விளக்கின் இரு முனைகளுக்கும் இடையே நின்றது. டைனமோ தன் கடமையைச் செவ்வனே செய்ததனாலேதான் விளக்கு எரிந்தது என்றுங் கூறலாம்! கழற்றி எறியப்பட்ட பழைய டைனமோவும் குற்றமற்றதாகவே இருந்திருக்கும்.

இது வெறும் மனக்குறையளவில் நிற்கும் சங்கதியன்று. இரவிலே அப்பழுப்பு வயரிற் செல்வது ஏறத்தாழ 15 அம்பியர். 0.8 வோல்ற்றை 15 ஆற் பெருக்க 12 உவாற்று. அதாவது, அச்செவ்விளக்குக் குமிழின் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், நகக்கண்ணளவான ஒரு தகட்டு இணைப்பிலே, வயர்க் கட்டின் நடுவே, முன்பலகையின் பின்னே ஓயாது பிறந்துகொண்டிருந்தது. அக்காரிலே பழுப்பு வயருக்கு உருகியும் இல்லை. வயரின் உறை இளகி உடலைத் தொட்டிருந்தால், தடுப்பாரின்றித் தீப்பிடித்திருக்கும். மாணவர் பற்றறியைத் துண்டித்துவிட்டு வயரை வழிநெடுகத் தேடியபோது, ஓர் இணைப்பின் உறை கருகிப் பிசினாய்க் கிடந்தது. அதனை வெட்டி, புதுத் தகடு பொருத்தி, எரிபற்று ஆளியையும் மாற்றினார். தணல் அகன்றது, தலைவிளக்குகளும் முன்னில்லாத வெண்மையோடு ஒளிர்ந்தனவாம்.

‘டி’ முனைக்கும் ‘பி’ முனைக்கும் இடையிலேயே பெரிய இழப்புக் காணப்பட்டால் மட்டுமே பெட்டியின் வெட்டுத் தொடுகையைக் குறைகூறலாம். அப்போதும் பற்றறியைத் துண்டித்து, கண்ணாடித் தாளால் மெல்லத் துலக்கிப் பார்த்தபின்னரே புதிது வாங்குதல் அறிவுடைமை.

இன்னுமொரு நிலையுண்டு, அரிதாயினும் அஞ்சத்தக்கது. எஞ்சினை நிறுத்தி, திறப்பையும் எடுத்தபின், செவ்விளக்கு மங்கலாக எரிந்துகொண்டேயிருக்கும். வெட்டுத் தொடுகை ஒட்டிக்கொண்டு திறவாமற் போனமையே இதற்குக் காரணம். இப்போது டைனமோப் பக்கமே உயர்ந்தது. மின் அங்கிருந்து குமிழினூடாக வெள்ளை வயருக்குப் பின்னோக்கிச் செல்கின்றது. அதனினும் மிகப் பெரிய ஓட்டம் பற்றறியிலிருந்து அசையாது நிற்கும் டைனமோவினூடு பாய்ந்து, சுருள்களைச் சுடவைக்கின்றது. இங்கே ஆராய்ச்சிக்கு நேரமில்லை. பற்றறியின் வயரை உடனே கழற்றுக. மேலே கூறிய சோதனையிலே, வயரை எஞ்சினில் தொடுவிக்குமுன் சுழி காட்டுகின்றதா எனப் பார்க்கச் சொன்னதும் இதன்பொருட்டே. ஒட்டிய தொடுகையோடு அவ்வயரைத் தொடுவித்தால், பற்றறியின் முழு ஆற்றலும் கையருகே பொறியாய்ப் பறக்கும்.

1967 ஆம் ஆண்டின் இறுதியிலே எம்.ஜி.பி. கார்களுக்கு டைனமோ நீங்கி ஆல்ற்றனேற்றர் வந்தது. எதிர்முனை காரின் உடலோடு சேர்ந்தது. அவற்றுக்கு மேலே சொன்ன ‘டி’, ‘எவ்’ முனைச் சோதனையைச் செய்யலாகாது. எஞ்சின் ஓடும்போது பற்றறியைக் கழற்றவும் கூடாது. இரண்டும் உள்ளிருக்கும் இருவாயிகளைக் கெடுக்கும். பிற்காலத்து 16ஏசிஆர் ஆல்ற்றனேற்றர்களில் இச்செவ்விளக்கு அறிவிப்பாளனாக மட்டுமன்றித் தொழிலாளியாகவும் அமைந்தது. அதனூடாகச் செல்லுஞ் சிறு மின்னோட்டமே சுழலியின் காந்தத்தை முதலில் எழுப்புகின்றது. குமிழ் பழுதானால் ஆல்ற்றனேற்றர் விழிக்காமல் உறங்கிக் கிடத்தல் கூடும். எஞ்சினை உரக்க ஓட்டியபின்னரே சில விழிக்கும். சில அப்போதும் விழிப்பதில்லை. டைனமோவை நீக்கி ஆல்ற்றனேற்றர் பூட்டிய பழைய கார்களுக்கும் இது பொருந்தும். இக்காலத்தார் முன்பலகைக் குமிழ்கள் யாவற்றையும் எல்.ஈ.டி. குமிழ்களாக மாற்றும் வழக்கமுடையர். ஏனையவற்றை மாற்றுக; வழக்கில்லை. இந்த ஒன்றிற்கு மட்டும் 2.2 உவாற்று இழைக் குமிழையே இடுதல் வேண்டும், எல்.ஈ.டி. குமிழ் விடும் ஓட்டம் காந்தத்தை எழுப்பப் போதாது. புதுக் குமிழ் இட்டபின், எஞ்சினை ஓட்டுமுன் ஒருமுறை திறப்பைத் திருப்பி, செவ்விளக்கு நன்றாக ஒளிர்கின்றதா என்று பார்த்துக்கொள்க.